முக்கால் இஞ்ச் மரை

குரோய்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது. இங்கு நான், இவள், பிள்ளைகள் எல்லாரும் நலம். எல்லாரும் ஷவரில் குளித்துவிட்டோம் என்பதையும் சேர்த்துப் படிக்கவும். புதன்கிழமைக்குப் பிறகு இன்றுதான் அப்படி எழுத முடிகிறது. போனில் சொன்னால் அத்தை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், கடைக்கு மோட்டார் தூக்கி வந்தவனெல்லாம் கேட்பான். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான்: எங்கள் வீட்டு ஷவர் வால்வு செத்துவிட்டது.

குளிக்கிறதுக்கு வால்வு எதுக்குலே என்பீர்கள். குற்றாலத்தில் தலையைக் கொடுத்து வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். சாரல் இருந்தால் அருவி, இல்லாவிட்டால் பாறை. இங்கே சுவரிலிருந்து இரண்டு குழாய்கள் எட்டிப் பார்க்கும். இடது பக்கம் வெந்நீர், வலது பக்கம் பச்சைத்தண்ணீர், நடுவே 150 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டையும் கவ்விக்கொண்டு பூரிக்கட்டை மாதிரி ஒரு பளபளப்பான கட்டை இருக்கும். அதுதான் வால்வு. ஒரு முனையைத் திருகினால் வேகம், மறு முனையைத் திருகினால் சூடு. 38 டிகிரிக்கு மேல் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டுதான் திருக வேண்டும்.

உள்ளே ஒரு சின்னக் குப்பியில் மெழுகு அடைத்து வைத்திருக்கிறான். சூடு ஏறினால் மெழுகு உப்பித் தண்டைத் தள்ளும், வெந்நீர் வரும் வழி குறுகும். ஆறினால் மெழுகு சுருங்கும், வழி அகலும். கரண்டு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அத்தை கையை விட்டுப் பார்த்து வெந்நீர் விளாவுவாரே, அந்த வேலையை இந்த மெழுகு பார்க்கிறது.

அதைக் கொன்றது சுண்ணாம்பு. இந்த ஊருக்குத் தெற்கே நார்த் டவுன்ஸ் என்று நீளமாகச் சுண்ணாம்புக் குன்றுகள் கிடக்கின்றன. அதில் ஊறி வரும் தண்ணீர்தான் எங்களுக்கு. கெட்டிலுக்குள் ஒரு மாதத்தில் வெள்ளை பூத்துவிடும். வெற்றிலை மட்டும் கிடைத்தால் போதும், தாத்தா கெட்டிலிலிருந்தே சுரண்டித் தடவிக்கொண்டிருப்பார். அதே சுண்ணாம்பு வால்வுக்குள்ளும் படிந்து தண்டைப் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை காலை. தலை நிறைய ஷாம்பு, கண் மூடியிருக்கிறது. திடீரென்று கொதிக்கிற ரசத்தைத் தலையில் கவிழ்த்தது போல இருந்தது. அலறிக்கொண்டு திருகினால் அடுத்த நொடி மார்கழி மாதத்து வாய்க்கால். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுப் பாட்டி அந்தப் பக்கத்திலிருந்து சுவரைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டார்.

பிளம்பரைக் கூப்பிட்டேன். முதல் மணி நேரத்துக்கு 95 பவுண்டு, சாமான் தனி, அதுவும் அடுத்த வியாழக்கிழமைதான் வர முடியும் என்றார். நம் காசுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். பேரம் பேசிப் பார்த்தேன். நான் வேடிக்கைக்குப் பேசுகிறேன் என்று நினைத்து, அவரும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். நம் வீட்டுக் கிணற்றிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கிய உங்கள் ஆளிடம் அப்பா ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நானும் அப்பா பக்கம்தான் நின்றேன் மாமா.

நாலு நாளாகச் சமையலறைக் குழாயில் வெந்நீர் பிடித்து, வாளியில் விளாவிக் குளித்தோம். சொம்புக்குப் பதில் கேக் மாவு அளக்கிற குவளை. எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. சின்னவள்தான், “அப்பா, நாம ஏழையாயிட்டோமா?” என்று கேட்டாள். அன்றே போய் 70 பவுண்டுக்கு ஒரு புது வால்வு வாங்கி வந்தேன்.

இன்று காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் வீட்டுக்கு வரும் தண்ணீரையே அடைக்க வேண்டும். அதற்கான பித்தளை வால்வு சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. ஆறு வருஷமாக அதை நான் தொட்டதே இல்லை, அது என்னை மதிக்கவும் இல்லை. குறடு போட்டுத் திருகலாம் என்று கிளம்பியபோது பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து தடுத்தார். எண்பது வயது. தண்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டார், என்னை டீ போடச் சொன்னார், குடித்து முடித்ததும் இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டியே மூடிவிட்டார். “ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மூடித் திற. திறக்கும்போது கடைசி வரைக்கும் திறந்துவிட்டு, கால் சுற்று பின்னால் திருப்பி வை. அப்போதுதான் பிடித்துக்கொள்ளாது” என்றார். வீட்டுக்காரர் போன பிறகு தானாகக் கற்றுக்கொண்டாராம்.

அடுத்த குழப்பம் அளவு. இந்த நாட்டில் பெட்ரோல் லிட்டரில், சாலை மைலில். அதே போல குழாய் 15 மில்லிமீட்டர், அதில் பூட்டும் நட்டு முக்கால் இஞ்ச். மரையை அளந்து பார்த்தால் ஒரு இஞ்சுக்கும் மேலே வருகிறது. கடைக்காரன் தவறான பெட்டியைக் கொடுத்துவிட்டான் என்று ரசீதைத் தேடும்போதுதான் உங்கள் குரல் காதில் விழுந்தது: “ஏல, முக்கா இஞ்சுங்கது பைப்போட உள்வாய். மரைய அளந்துக்கிட்டு நிக்காத.” பத்தாவது லீவில் உங்கள் கடையில் கேட்டது. ஸ்பேனர் பிடிக்க வரமாட்டேன், கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று நான் முறுக்கிக்கொண்ட அதே லீவு. வெள்ளைக்காரன் நம் ஊரில் விட்டுப் போன மரையும் இதேதான். உங்கள் கடை டப்பாவில் கிடக்கிற முக்கால் இஞ்ச் நட்டை எடுத்து வந்தால் என் சுவரில் அப்படியே பூட்டலாம். 8,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்தும் உங்கள் கடையைத் தாண்ட முடியவில்லை.

தண்ணீர் போகும் ஓட்டையைத் துணியால் அடைத்தேன், நட்டில் கீறல் விழாமல் துணி சுற்றினேன், பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினேன். எல்லாம் இருபது நிமிஷம். பெருமையாகத் தண்ணீரைத் திறந்துவிட்டு மாடிக்குப் போனால், இரண்டு நட்டு வழியாகவும் ஐந்தருவி. இன்னொரு தடவை உங்கள் குரல்: “வாசர் வச்சியாலே?” சட்டைப் பையில் கையை விட்டேன். இரண்டும் பத்திரமாக இருந்தன.

இந்நேரம் நீங்கள், “இப்ப ஒழுகுதா?” என்று கேட்டிருப்பீர்கள். ஒழுகவில்லை மாமா. சொட்டுகிறது. அதுவும் நிமிஷத்துக்கு ஒன்றுதான்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: நம் வீட்டு வாசலில் இருக்கும் கேட் வால்வை அப்பா போன பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு நடை போய் மூடித் திறந்து வையுங்கள். கூலி எவ்வளவு என்று சொல்லுங்கள். பேரம் பேச மாட்டேன்.