அவனுக்கும் எனக்கும் ஒரே பத்தியம்

எங்கள் வீட்டு நாயின் பெயர் லியோ. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வைத்தது. என் அம்மாவின் வாயில் அது "இலையோ" ஆகிவிட்டது. "இலையோ... இலையோ..." என்று அவள் கொல்லைப்பக்கம் நின்று கூப்பிடும்போதெல்லாம், சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்களோ என்று நான்தான் முதலில் எழுந்து போகிறேன். அவன் நிதானமாகப் பின்னால் வருவான். மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் என் ஸ்கூட்டருக்கு அடியில் ஒதுங்கிய நாட்டு நாய். மழை விட்டது, அவன் போகவில்லை.

தயிர்சாதத்தில் வளர்ந்தான். குறை ஒன்றும் சொன்னதில்லை. தீபாவளிக்கு வந்த மகள்தான் சொன்னாள். "அப்பா, நாய் ஓநாய் வம்சம். தயிர்சாதம் போட்டுப் போட்டு அவனை குமாஸ்தா ஆக்கி வச்சிருக்கீங்க."

முப்பத்திரண்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனிடம் சொல்லும் பேச்சா இது? விடவில்லை. 2013இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் எழுதியதைத் தேடி எடுத்துக் காட்டினேன். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதிதான். நாய்க்கோ நான்கிலிருந்து முப்பது வரை. மனிதன் போட்ட சோற்றைத் தின்று தின்று வந்த சொத்து அது. "பார், சோறு அவன் பிறப்புரிமை" என்றேன். அவள் சோற்றை விட்டுவிட்டு பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டாள். காலையில் டீயோடு நான் இரண்டு, அவன் இரண்டு என்று தின்றுகொண்டிருந்தோம். "அதுல இருக்கிற சர்க்கரை அவனுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது. வீட்டிலேயே செஞ்சு குடுங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு ரயிலேறிவிட்டாள்.

மறுநாள் போனில் செய்முறை வந்தது. கோழி ஈரல் கால் கிலோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று, கேழ்வரகு மாவு, ஒரு முட்டை. உப்பு, சர்க்கரை, எண்ணெய் கிடையாது.

"எல்லாம் இருக்கும்மா" என்றேன்.

"அவன் வேணும்ப்பா."

"அவன் இங்கதான் படுத்திருக்கான்."

"நாய் இல்லப்பா, பிஸ்கட் சுடுற அவன்!"

அந்த அவன் எங்கள் வீட்டில் இல்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்கு கேக் செய்த வித்தையை என் மனைவி தூசி தட்டினாள். பழைய குக்கரின் அடியில் ஒரு விரற்கடை உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டை வைத்து, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடினால் அதுதான் அவன். நாய்க்கு உப்பு ஆகாது என்பதால் அரைக் கிலோ உப்பின் மேல் உப்பில்லாத பிஸ்கட் வெந்தது.

அதற்கு முன்னால் எது எது ஆகாது என்ற பட்டியலை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அடுக்களையில் எதையும் அவளுக்குத் தெரியாமல் செய்ய முடியாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் வெளியேற்ற முடியாது. திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அது ஏன் என்று நெடுநாளாகப் புரியாமலிருந்தது. 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் உண்டு. ஆகப் புளியும் கூடாது.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "வெங்காயம் இல்ல, பூண்டு இல்ல, புளி இல்ல, உப்பும் இல்ல. ஏண்டா, இது நாயா, மடத்துச் சாமியாரா?"

எனக்கு உறைத்தது வேறொன்று. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் ஒரு டப்பா என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதில் இனிப்புக்குப் போடும் சைலிடால் நாயின் உடம்பில் இன்சுலினை எக்கச்சக்கமாகச் சுரக்க வைத்து, சர்க்கரையைத் தடாலென்று இறக்கி, உயிருக்கே உலை வைத்துவிடுமாம். இத்தனை மாத்திரை போட்டும் எனக்கு இறங்காத சர்க்கரை! சூயிங்கத்தை அன்றே அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கறிக்கடையில் இன்னொரு விசாரணை. "ஈரல் யாருக்கு சார்?" என்றார் பாய்.

"நாய்க்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "நாய்க்குன்னா கால், கழுத்து எல்லாம் பையில போட்டு வச்சிருக்கேன், காசு வேண்டாம். ஈரல் எதுக்கு?" வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஈரலை நிறுத்தபோது, "வீட்டுல உங்களுக்கு என்ன சார் சமையல்?" என்று கேட்டார். பாகற்காய் என்றேன். மேலே பேசவில்லை. ஐம்பது கிராம் கூடுதலாகப் போட்டார்.

முதல் ஈடு கல்லாக வந்தது. உருவகமாகச் சொல்லவில்லை, அம்மியில் தட்டிப் பார்த்தோம், அம்மியில் தூள் உதிர்ந்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரு பழைய கதைதான். 1860 வாக்கில் இடிதாங்கி விற்க லண்டனுக்குப் போன ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், துறைமுகத்தில் மாலுமிகள் வீசிய கட்டி பிஸ்கட்டை நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைப் பார்த்தாராம். கோதுமை, பீட்ரூட், மாட்டிறைச்சி சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கட் போட்டு விற்று, இடிதாங்கியை மறந்து பணக்காரர் ஆனார். நாய் பிஸ்கட் பரம்பரையே கல் பரம்பரைதான் என்று மனைவியைத் தேற்றினேன். லியோ அந்தக் கல்லை மரியாதையாக வாயில் வாங்கிக்கொண்டான். கொல்லைக்குப் போய், செம்பருத்திக்கு அடியில் குழி தோண்டி, அடக்கம் செய்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள், பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஊறிப் பதமானதும் தோண்டியெடுத்துத் தின்றான். அதிலிருந்து மாவில் ஈரல் வெந்த தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றுகிறோம்.

வெள்ளிக்கிழமை அடுக்களையில் ஈரல் நுழையக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கு மட்டும் பரங்கிக்காயும் கேழ்வரகும். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடும் நாய் இவன் ஒருவன்தான். அந்த வாசனைதான் என்னைக் கெடுத்தது.

பரங்கிக்காய் பிஸ்கட் குக்கரிலிருந்து இறங்கிய ஒரு மாலை. சர்க்கரை, உப்பு, எண்ணெய், மைதா எதுவும் இல்லை. டாக்டர் என் சீட்டில் சிவப்பு மையில் எழுதித் தந்த கட்டளைகள் அத்தனையையும் வரிவரியாக நிறைவேற்றிய ஒரே பலகாரம் இந்த உலகத்தில் இதுதான். அதுவும் மனைவி கையால், அளவு பார்த்து, பக்குவம் பார்த்து, "வாய்க்கு நல்லா இருக்காடா கண்ணு?" என்று கேட்டுச் செய்தது. அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டு வருடங்கள் இருக்கும். ஒன்றை எடுத்துக் கடித்தேன். சப்பென்றுதான் இருந்தது. இன்னொன்று எடுத்தேன்.

பழக்கமாகிவிட்டது. கிழங்கு போட்டதையும் விடவில்லை. மண்ணுக்கு அடியில் விளைவது எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் இது நாயின் பேரில் வாங்கிய கிழங்கு. டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டால் லியோ எங்கிருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவான். சாட்சியைச் சும்மா அனுப்ப முடியாது. எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவனுக்கு அளவு முக்கியமில்லை, எண்ணிக்கைதான் கணக்கு. பாதியாக உடைத்து இரண்டு என்று கொடுத்தால் திருப்தியாகப் போவான். நான் முயன்று பார்த்தேன், எனக்கு அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

போன மாதம் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவரிடம் போனோம். எடை மிஷினில் லியோ நிற்கமாட்டான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பிறகு நான் மட்டும் ஏற வேண்டும், கழித்துக்கொள்ள வேண்டும். போன வருடம் இருவரும் சேர்ந்து 94 கிலோ. இந்த வருடம் 97½.

"என்ன கொடுக்கறீங்க?" என்றார் மருத்துவர். சொன்னோம். தின்பண்டம் ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார். லியோ தரையைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

"இப்ப நீங்க மட்டும் ஏறுங்க சார்."

என் மனைவி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கழித்தாள். அவன் இரண்டு கிலோ, நான் ஒன்றரைக் கிலோ.

டப்பா இப்போது பரணில் இருக்கிறது. ஏணியை அவள் மாடி வீட்டுக்காரர்களிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.