தோற்றவர் இல்லாத மேசை

கேள்வி: அப்பா விட்டுப்போன மனைக்காக அண்ணனோடு வழக்கு. சமரச மையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். போனால் தோற்ற மாதிரி ஆகிவிடாதா?
– வாசகர், தவளக்குப்பம்

பதில்: தோற்பதற்கு அங்கே தீர்ப்பே கிடையாதே! சமரசர் நாட்டாமை அல்ல; பேச வைப்பார், முடிவு உங்கள் இருவருடையது. அங்கே சொன்னதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்பதால் மனம்விட்டுப் பேசலாம். நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. உங்கள் புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதே. ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். நீதிபதி மனையைப் பிரித்துத் தருவார். பொங்கலுக்கு யார் வீட்டுக்கு யார் வருவது என்று உத்தரவிட மாட்டார். சமரசத்தில் அதையும் பேசலாம். வக்கீலையும் அழைத்துப் போங்கள். உடன்பாட்டை எழுதி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.