விசருக்கும் தரம் உண்டு

எங்கள் ஊரில் ஒருவர் ஒரு விஷயத்தை அளவுக்கு மிஞ்சி அறிந்து வைத்திருந்தால் அவரை அறிஞர் என்று சொல்வதில்லை. 'அந்தாளுக்கு அதில விசர்' என்பார்கள். வைத்தியம் தேவைப்படுகிற விசர் வேறு. இது பாசத்தோடு சொல்வது, கொஞ்சம் பயத்தோடும். எதிரே அவர் வருவதைக் கண்டால் சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்புகிற பயம்.

இந்த விசர்களையெல்லாம் ஒரு வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தரப்படுத்தல் என்ற சொல்லுக்கு எழுபதுகளில் இருந்தே இந்த நாட்டுத் தமிழர் மத்தியில் நல்ல பேர் இல்லை. என்னுடைய தரப்படுத்தலில் மாவட்டக் கோட்டா கிடையாது, விதி இரண்டுதான். ஒன்று, அந்த அறிவால் ஐந்து சதம் வருமானம் வரக்கூடாது. மற்றது, கல்லடிப் பாலத்தில் அவரிடம் மாட்டினால் எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறோம் என்பது. இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவன் எந்த வகை என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று.

வெளியூர்க்காரர் முதலிடம் கொடுப்பது கொம்பியூட்டர் தம்பிக்குத்தான். என் வரிசையில் அவர் கடைசி. செத்துப்போன போனை உயிர்ப்பிக்கிறார், ஆனால் காசு வாங்குகிறார். முதலாம் விதியிலேயே விழுந்துவிட்டார். பாவம் பார்த்து அரைப் புள்ளி போட ஒரு காரணம் உண்டு: பாமினி. பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாண அழைப்பை யாராவது அப்படியே அனுப்பி, அது மற்றவர் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடப்பதைக் கண்டால், தம்பிக்கு முகம் மாறும். கடையை மறந்து, யூனிகோட் ஏன் வேண்டும் என்று ஒரு மணி நேரம் இலவசமாகப் பேசுவார். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் நம்மட ஆள்.

அவருக்கு மேலே, பழைய கொப்பி தேடுகிறவர். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்கு எதையாவது ஸ்கேன் பண்ணிக் கொடுக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட ஆண்டுமலர், அச்சகம் மூடிப்போன சஞ்சிகை, எதுவும் ஆகும். செத்த வீட்டுக்கு வந்தாலும் கண் அலுமாரியில்தான். ஆனாலும் பண்பானவர். முப்பத்தோராம் நாள் முடியும்வரை வாய் திறக்க மாட்டார்.

ஊர்ப்பெயர் விசரர்கள் தனியே வருவதில்லை, இருவராக வருவார்கள். மட்டு என்றால் தேன், தேன் நிறைந்த களப்பு என்பார் ஒருவர். தேனுமில்லைப் பாணியுமில்லை, மட்டமான களப்பு என்பார் மற்றவர். சிங்களத்தில் 'மடகலப்புவ' என்றால் சேற்றுக் களப்பு என்று மூன்றாமவர் யாராவது சொன்னால் இருவரும் உடனே ஒன்றுபடுவார்கள். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' இருவர் கக்கத்திலும் இருக்கும். இவர்களைக் கடந்துவிடலாம். அவர்களுக்கு நாம் தேவையில்லை.

கப்பல் விசரரைக் கடப்பது அவ்வளவு லேசல்ல. பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு நம்முடைய கடலுக்கு வெளியே தாண்டது. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. இவர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவர் அல்லர். ஆனால் கப்பலின் எந்தப் பக்கம் மணலில் சாய்ந்து கிடக்கிறது என்று சுழியோடிகளுக்கே திருத்தம் சொல்வார். உலகத்தின் முதல் விமானந்தாங்கிக் கப்பல் என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால் முடிந்தது.

"அப்பிடிச் சொல்லொண்ணா மனே. அதுக்கெண்டே வரைஞ்சு கட்டத் தொடங்கின முதல் கப்பல் இதுதான். ஆனா இவங்கள் கட்டி முடிக்கப் பிந்திப்போனாங்கள். ஜப்பான்ட ஹோஷோ 1922லயே வந்திட்டு. முந்தி வந்தவனும் அவன்தான், மறுகா வந்து இதைத் தாட்டவனும் அவன்தான்!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கும் வேதனையைப் பார்த்தால், கப்பல் கட்டிய பட்டறையில் அவருக்கும் பங்கு இருந்ததோ என்று தோன்றும். நாற்பது நிமிடம். நல்ல புள்ளிதான்.

கூத்து விசரருக்கு முன்னால் நாற்பது நிமிடம் என்பது கொலு வருகைக்கே காணாது. களரியில் இவருக்குப் பக்கத்தில் இருந்துவிடாதீர்கள். மத்தளம் தொடங்கியதும் தாளம் விழுவது உங்கள் தொடையில். கண்ணை மூடிக்கொண்டே, சதங்கைச் சத்தத்தை மட்டும் வைத்து, வடமோடியா தென்மோடியா என்று சொல்வார். பிறகு கண்ணைத் திறந்து, அண்ணாவியார் எந்தத் தருவை அரைவாசியில் விட்டார் என்று சொல்வார். அவருடைய ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். விடியவிடிய ஆடுவதைப் படித்த சபை பார்ப்பதற்கேற்ப நறுக்கிச் சுருக்கினார். அதனால்தான் நகரத்து மேடைகளில் கூத்துக்கு மதிப்பு வந்தது என்று உலகம் சொல்கிறது. அறுபது வருடம் தாண்டியும் இவர் அந்தக் கத்தரிக்கோலை மன்னிக்கவில்லை.

"கர்ணன் சாக ஒரு இரவு வேணும். ஒண்டரை மணித்தியாலத்தில செத்தா அது அக்சிடன்ட்."

எனக்கு இந்த வாதத்துக்குப் பதில் தெரியாது. அவருடைய மனைவியிடம் ஒரு பதில் இருக்கிறது. 'பத்து மணிக்கு வாறன் எண்டு போற மனுசன், வாழி பாடி முடிச்சு, மறுகா அண்ணாவியாரோட தேத்தண்ணியும் குடிச்சிட்டு, விடிஞ்சாப்போல வந்து என்னைச் சோறு கேக்கிறார்' என்பது அதன் சுருக்கம். முழுமையும் கேட்க ஓர் இரவு வேண்டும்.

முதலிடம் விபுலானந்த அடிகளுக்குத்தானே என்று இந்நேரம் யாராவது கேட்டிருப்பீர்கள். அடிகளை வரிசையில் நிறுத்த எனக்குத் துணிவில்லை. 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த மனிதர், ஒருவரும் வாசித்துக் கேட்டிராத பழைய யாழ்களுக்கு நரம்புக் கணக்குப் போடுவதில் ஏறக்குறைய பதினான்கு வருடத்தைச் செலவழித்தார். 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அவரை வைத்துத்தான் மற்றவர்களை அளக்கலாம். அடிமட்டத்துக்கே புள்ளி போடுவது முறையல்ல.

ஆகவே முதலிடம் மீன் விசரருக்கு.

இந்தக் களப்பு 56 கிலோமீற்றர் நீளம். இவர் நிற்பது கல்லடிப் பாலத்தடியில் மட்டும். கையில் ஒரு துடுப்பு. பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது ஊர் அறிந்த செய்தி. 1848இல் எமர்சன் ரெனன்ற் இங்கே நிலவில் தோணி ஏறிக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்ப்பது போன்ற ஒலி என்று எழுதிவைத்தார். ஐம்பதுகளில் அருட்தந்தை லாங் ஒலிப்பதிவு செய்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மீன் விசரர் இரண்டு கட்சிக்காகவும் வாதாடுவார், ஒரே இரவில், தனியே.

2013இல் திறந்த புதுப் பாலத்தில் அவருக்குக் கோபம், லொறிச் சத்தம் மீனைக் கெடுக்கிறதாம். முப்பது வருடத்தில் அவர் பாட்டைக் கேட்டது மூன்றே மூன்று தரம். அதில் ஒன்று சந்தேகம் என்று அவரே கழித்துவிட்டார். இப்படி நேர்மையான ஆளை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஒருநாள் அந்த வழியே வந்த வலைகாரர் தோணியை நிறுத்தி, "இது பாடுதோ இல்லையோ, வலையில படுதில்லையே" என்றார். இவர் உதட்டில் விரலை வைத்து அவரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அடுத்த பௌர்ணமிக்குப் பாலத்தடிக்குப் போகிறவர்கள் அவரைக் காணலாம். துடுப்பை நீட்டுவார், மறுக்காமல் வாங்குங்கள். கேட்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்பார். கேட்கிறது என்றால் எந்தச் சுரத்தில் என்று கேட்பார். எப்படியும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போங்கள்.