மௌன குருவுக்கு ஒரு வக்கீலின் விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அமர்வுக்கு, மாவட்டத் தலைநகர் ஒன்றில் கறுப்பு கோட்டு மாட்டிப் பேசிப் பிழைக்கும் வக்கீலின் அநேக நமஸ்காரம்.

என் கட்சிக்காரரின் மேல்முறையீட்டுக்குத் தாங்கள் அருளிய தீர்ப்பின் நகல் சென்ற வாரம் கைக்கு வந்தது. மேலே வழக்கு எண், பெயர், தகப்பனார் பெயர், வக்கீல்கள் பெயர் என முக்கால் பக்கம். கீழே சீலும் கையெழுத்தும். நடுவில், 'இரு தரப்பும் கேட்கப்பட்டது. தலையிட முகாந்திரம் இல்லை. தள்ளுபடி.' படித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாட்சாத் தட்சிணாமூர்த்தி! கல்லால மரத்தடியில் அமர்ந்து, வாய் திறக்காமலே சனகாதி முனிவர் நால்வருக்கும் சகலத்தையும் விளக்கியவர். அவர்களுக்கு விளங்கியது, ஏனென்றால் அவர்கள் முனிவர்கள். என் கட்சிக்காரர் சென்ட்ரிங் வேலை பார்த்தவர்.

மத்தியச் சிறையில் மனு போட்டு அவரைப் பார்த்துத் தாளை நீட்டினேன். படித்தார். திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் ஜெராக்ஸ் எடுக்க விட்டுப்போச்சா சார்?" என்றார். இல்லை, இவ்வளவுதான் என்றேன். "அந்த மகஜர் விஷயத்த ஐயாகிட்ட சொன்னீங்கள்ல?"

சொன்னேன். கைது மாலை ஐந்து மணிக்கு. கைதான பிறகு அவர் அடையாளம் காட்டிக் கத்தியை எடுத்துக் கொடுத்தார் என்கிற மகஜரில் சாட்சிகள் கையெழுத்திட்டதோ அன்று மதியம். இதைத் தங்கள் முன்னால் நின்று தொண்டை வறளச் சொன்னேன். தாங்களும் தலையசைத்தீர்கள். அதற்கு இப்போது என்ன அத்தாட்சி? தீர்ப்பில் மகஜரும் இல்லை, மதியமும் இல்லை. "சொன்னேம்பா" என்றால் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஃபீஸை வாங்கிக்கொண்டு கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்தவனைப் பார்க்கிற பார்வை. பக்கத்தில் நின்ற வார்டர் வேறு சிரித்தார்.

மௌனத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 384ஆம் பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 425. மேல்முறையீட்டில் போதிய முகாந்திரம் இல்லையென்றால் சுருக்கமாகத் தள்ளலாம். ஆனால் தள்ளுவது செஷன்ஸ் கோர்ட்டாக இருந்தால் காரணத்தைப் பதிவுசெய்தே ஆக வேண்டுமாம். உயர் நீதிமன்றத்துக்கு அந்தத் தொல்லையை அந்தப் பிரிவு வைக்கவில்லை. மாஜிஸ்திரேட் தீர்ப்பிலும் காரணம் வேண்டும். அவ்வளவு ஏன், தாலுகா ஆபீஸில் ஒரு மனுவைத் தள்ளினால்கூடப் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவிலேயே சொல்கிறது. படியேற ஏறப் பேச்சு குறைந்து, கர்ப்பக்கிரகத்தில் சின்முத்திரை மட்டும் மிஞ்சுகிறது. ஆகம விதிப்படி சரிதான்.

இந்த சன்னிதி புதிதும் அல்ல. 1953லேயே, பம்பாயிலிருந்து போன ஒரு வழக்கில், வாதிடத் தக்க விஷயம் இருக்கும் மேல்முறையீட்டை இப்படிச் சுருக்கமாகத் தள்ளுவது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் அதே பம்பாயிலிருந்தே மறுபடி மறுபடி போன வழக்குகளிலும் சொன்னது. குருமார்கள் அதையும் மௌனமாகவே கேட்டுக்கொண்டார்கள்.

தங்கள் பட்டியலின் நீளம் எனக்குத் தெரியும். மாலை நாலே முக்காலுக்குத் தங்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஏழு வருஷம் ஐயா. ஒரு மனுஷனின் ஏழு வருஷம். இரண்டு பிள்ளைகள் அவன் முகத்தையே மறந்துவிடக் கூடிய காலம். அதை எடுத்துக்கொள்கிறவர், மகஜரில் நேரம் ஏன் இடிக்கவில்லை என்று நாலு வரி எழுத முடியாதா? உங்கள் தீர்ப்புகளில் திருக்குறளுக்கு இடம் இருக்கிறது, பாரதிக்கு இருக்கிறது, இவனுக்கு மட்டும் இல்லையா? அவன் பொய் சொன்னான் என்றாவது எழுதியிருக்கலாமே! திட்டு வாங்கவும் ஒரு மனுஷனுக்கு உரிமை உண்டு.

க்ஷமிக்க வேண்டும். பேசித் தின்கிற ஜாதி, மௌனம் எனக்கு இன்னும் கைகூடவில்லை. வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலை சாத்திப் பரிகாரம் செய்துகொள்கிறேன்.

பேச வைத்தே தீர வேண்டும் என்றும் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன், பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2017 ஏப்ரல் 17 அன்று ஒரு சிபிஐ வழக்கில் ஒரே வரி ஆணை. நீதிபதி மே 26இல் ஓய்வு பெற்றார். காரணங்கள் வந்தது அக்டோபர் 23இல், 250 பக்கத்துக்கு மேல். பீடத்தில் இருந்தவரை மௌனம், இறங்கிய பின் உபதேசம்! 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, புதிதாக விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அனுகூலமான ஆணை. அவர்களுக்குத் தாமதமாகவேனும் 250 பக்கம் கிடைத்தது. என் கட்சிக்காரருக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் பேரில் சந்தேகம்.

இனி டெல்லிதான். சிறப்பு அனுமதி மனுவில், உயர் நீதிமன்றம் எங்கே தவறியது என்று கிரவுண்ட்ஸ் எழுத வேண்டும். மூன்று நாளாக ஜூனியர் பேனாவும் கையுமாக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மௌனத்தில் எந்த வரியில் பிழை என்று சொல்வது? அப்படியே எழுதிப் போட்டாலும் அங்கேயும் பெரும்பாலான மனுக்களுக்கு ஒரு வரியில்தான் விடை, காரணம் சொல்லாமலே. காரணமின்றித் தள்ளினால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை என்று 2000ஆம் ஆண்டில் அவர்களே விளக்கமும் தந்திருக்கிறார்கள். மௌனத்துக்கு அர்த்தமே இல்லை என்பதைப் பக்கம் பக்கமாகப் பேசி விளக்கியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆகையால் தங்களிடம் ஒரே ஒரு பிரார்த்தனை. மகஜரை நம்பினீர்களா, படிக்கவில்லையா? இரண்டில் எது என்று மட்டும், ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் கிறுக்கியாவது அனுப்பிவைக்கவும். நகல் கட்டணம் எவ்வளவானாலும் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இன்னும் முனிவர் ஆகாத வக்கீல்