மெக்கானிக்கல்னா கெத்து

எரிபொருளோ வேறு ஆற்றலோ வாங்காமல் ஓயாமல் வேலை செய்யும் எந்திரம் சாத்தியமே இல்லை என்று தெர்மோடைனமிக்ஸ் பரீட்சையில் இரண்டு மார்க் கேள்விக்கு விடை எழுதுகிறான் மெக்கானிக்கல் மாணவன். அந்த விடை தப்பு. அப்படி ஓர் எந்திரத்தை நம் ஊர் கல்வித் தந்தைகள் எப்போதோ செய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாத்தியார் வேண்டாம், டீசல் வேண்டாம், ஃபீஸ் மட்டும் போதும்; பட்டம் வந்து விழும்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 2024 ஜூலையை நினைத்துப் பார்க்கட்டும். 353 ஆசிரியர்கள் 224 பொறியியல் கல்லூரிகளில், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், முழுநேர ஊழியர்களாக இருப்பதாக அறப்போர் இயக்கம் பட்டியலோடு வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகமும் தன் பங்குக்குக் கணக்குப் பார்த்தது. 189 பேர் சுமார் 2,000 பணியிடங்களை நிரப்பியிருக்கிறார்கள் என்று துணைவேந்தரே சொன்னார். ஆளுக்குப் பத்துக் கல்லூரி! கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்கள்கூட முதல் கூட்டைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள். நம் முனைவர்கள் பத்துக் கூட்டிலும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வருடம் தவறாமல் ஆய்வுக் குழு போகிறது. போய் என்ன பார்க்கிறது? ஆய்வுக்கு முதல் நாள் இப்படிப்பட்ட கல்லூரி ஒன்றின் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பாருங்கள். லேத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். அடிக்கிற அவசரத்தில் சக்கின் தாடைகள் மேலும் பெயின்ட் ஏறிக் காய்ந்துவிடும்; சாவியைப் போட்டு முறுக்கினாலும் அசையாது. முறுக்கிப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை என்பதால் பாதகமில்லை. மறுநாள் காலை ஒரு வேன் வரும். டை கட்டிய முனைவர்கள் இறங்குவார்கள். அதில் ஒருவர், தான் தலைவராக இருக்கும் துறை எந்த மாடியில் இருக்கிறது என்று எதிரே வருகிற பையனிடம் விசாரிப்பார். மதியம் குழுவுக்கு விருந்து. குழு பார்த்த பொருள்களில் அசலாக இருந்தது அநேகமாக அந்தப் பிரியாணி ஒன்றுதான்.

உண்மையிலேயே பாடம் நடத்துகிற ஆசாமி வேறு. எம்.இ. முடித்த இளைஞர். தொகுப்பூதியம், அதுவும் மூன்று மாதம் பாக்கி. ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி பீரோவுக்குள் அடகு. வேலையை விட்டுப் போகலாமென்றால் பீரோ திறக்காது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டதாமே, நல்லது.

எஞ்சின் லேபில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று நிற்கும். கயிற்றுப் பிரேக்கில் சுமையை ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு சுமைக்கும் 10 சி.சி. டீசல் தீர எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் பிடித்துக் குறிக்க வேண்டும். அதிலிருந்து எரிபொருள் செலவு, அதிலிருந்து எஞ்சினின் திறன். அருமையான சோதனை. எஞ்சின் மூச்சுவிடுவதைக் காதால் கேட்டுக் கற்கிற பாடம். ஆனால் டீசலுக்கு பில் பாஸ் ஆகவில்லை. ஆகவே சீனியரின் ரெக்கார்ட் நோட்டு வரும். அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. பரம்பரைச் சொத்து. எவரோ ஒரு முன்னோர் கூட்டலில் செய்த பிழை உட்பட, அத்தனையும் அச்சு மாறாமல் இறங்கி வரும். எரியாத அந்த 10 சி.சி. டீசல் வருடா வருடம் அதே நொடியில் தீர்ந்துகொண்டிருக்கிறது. கிராஃப் ஷீட்டில் வளைவு மட்டும் அழகாக இருக்க வேண்டும், அதற்குத்தான் மார்க்.

பரீட்சையிலாவது நியாயம் உண்டா? 2017 ஏப்ரல்-மே தேர்வுக்குப் பின் 3,02,380 பேர் மறுமதிப்பீடு கேட்டார்கள். 73,733 பேர் பாஸானார்கள். மார்க்குக்குக் காசு கைமாறியதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே போட்டது. எழுதியவன் திறமையும் திருத்தியவர் நேர்மையும் ஒன்றாய்க் கலந்த பிறகு, யார் நியாயமாகப் பாஸானான் என்று எந்த அளவுமானியை வைத்துப் பார்ப்பது? படித்துப் பாஸானவனையும் சேர்த்தல்லவா சந்தேகத்தில் தள்ளினார்கள்!

நான்கு வருடத்தில் துறை மனதாரக் கொடுத்தது 'ராயல் மெக்' என்று அச்சடித்த கறுப்பு டி-ஷர்ட் ஒன்றுதான். அதற்கும் பையன்களே காசு போட்டுக்கொண்டார்கள். வகுப்பில் பெண்கள் இல்லை, பாட்டனி மாதிரி மனப்பாடம் இல்லை, நாங்கள்தான் ராஜா என்று பஸ் ஸ்டாண்டில் கத்தினார்கள். ராஜாக்களின் பட்டாபிஷேகம் ஒரகடம் ஃபேக்டரி வாசலில் நடந்தது. "பி.இ.யா? ஐ.டி.ஐ., டிப்ளமோதான் வேணும்" என்றார் கான்ட்ராக்ட்காரர். அடுத்த கேட்டில் பையன் பட்டத்தை மறைத்து, பிளஸ் டூ என்று சொல்லி லைனில் நின்றான். அப்பா நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த பட்டம் அது. மறைக்காமல் நேர்வழியில் போனவனுக்கு அப்ரண்டிஸ் வேலை. 2019-ல் திருத்திய விதிப்படி பட்டதாரி அப்ரண்டிஸின் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய்.

இதற்குப் பிறகு தொழிலதிபர்கள் மேடையேறி, "இன்றைய பொறியாளர்களுக்குத் திறன் இல்லை" என்று கவலைப்படுவார்கள். பக்கத்து நாற்காலியில் கல்வித் தந்தை தலையாட்டுவார். அரசு, திறன் பயிற்சி என்று இன்னொரு சான்றிதழ் தரும். பத்துக் கல்லூரியில் சம்பளப் பட்டியலில் இருந்தவருக்குத் திறன் இல்லை என்று எந்த மேடையிலாவது எவராவது சொன்னாரா? ஓடாத எஞ்சினுக்கு அங்கீகாரம் கொடுத்தவரை மறுதேர்வு எழுதச் சொன்னார்களா? அரியர் என்பது இந்த நாட்டில் பத்தொன்பது வயதுப் பையனுக்கு மட்டும்தான்.

இப்போது மெக்கானிக்கலுக்கு ஆள் வருவதில்லையாம். சரி, லேத்துகளைக் காயலான் கடைக்கு எடை போட்டாயிற்று. அதே கொட்டகைக்கு ஏ.சி. மாட்டி, செயற்கை நுண்ணறிவுத் துறை என்று போர்டு வைத்தாயிற்று. ஆள் இல்லாமலே அறிவு என்பது இவர்களுக்குப் பழகிய தொழில்தானே.

கடைசி பேட்ச் பையன் ஒருவன் டி.சி. வாங்கப் போகிறான். 'நோ டியூ' படிவத்தில் எல்லாத் துறையிலும் கையெழுத்து வாங்க வேண்டும். லேபில் பொருள் உடைந்ததற்கு இரண்டாயிரம் கட்டச் சொல்கிறார்கள். எதை உடைத்தான் என்று அவனுக்கும் தெரியவில்லை, லேபுக்கும் தெரியவில்லை. கட்டுகிறான். மிச்சம் ஒரு கையெழுத்து. ஹெச்.ஓ.டி. அறை பூட்டியிருக்கிறது.

"சார் அடுத்த இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் வருவாரு தம்பி" என்கிறார் அட்டெண்டர். "அதுவரைக்கும் லேட் ஃபைன் ஓடும், பாத்துக்க."