லேசருக்கு லினக்ஸ்: இருபது வருட அவசரம்

ரியல் டைம் கணினி வேகமாக ஓட வேண்டியதில்லை. சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்தால் போதும். வெல்டிங் லேசரை 'நிறுத்து' என்றால் குறித்த மைக்ரோசெகண்டுக்குள் நிறுத்த வேண்டும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் ஓட்டை விழுந்த தகடு ஒட்டிக்கொள்ளாது. 1991-ல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸுக்கு இந்தக் குணம் ஜாதகத்திலேயே இல்லை. எல்லோருக்கும் சராசரியாக நல்லது செய்யும். யாருக்கும் நேரம் மட்டும் சொல்லாது.

முதலில் லினக்ஸை ஏமாற்றிப் பார்த்தார்கள். 1990-களில் நியூ மெக்ஸிகோவில் விக்டர் யொடைக்கன் குழு, லினக்ஸுக்கு அடியில் ஒரு குட்டிக் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) செருகியது. "இன்டரப்ட்களை நிறுத்து!" என்று, வன்பொருளின் குறுக்கீட்டு அழைப்புகளைத் தடுக்கச் சொல்லி லினக்ஸ் உறுமும். "ஆகட்டும் எஜமான்" என்றுவிட்டுக் குட்டி தன் வேலையைப் பார்க்கும். லினக்ஸுக்குக் கடைசிவரை விஷயம் தெரியாது. 1999-ல் இந்தத் தில்லாலங்கடிக்குப் பேட்டன்டே கிடைத்தது!

2004-ல் கர்னல் டெவலப்பர்கள் இங்கோ மோல்னார், தாமஸ் க்ளைக்ஸ்னர் கோஷ்டி எஜமானையே திருத்தப் புறப்பட்டது. காத்திருப்பவரைத் தூங்கவிடாமல் சுற்றிச் சுற்றி வரவைக்கும் ஸ்பின்லாக்குகளை, காத்திருப்பவர் தூங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றினார்கள். இன்டரப்ட்களும் முன்னுரிமை வரிசையில் நிற்கப் பழகின. 2006-ல் கூடியிருந்த டெவலப்பர்கள் முன் லினஸ் ஆசி வழங்கினார்: லினக்ஸால் லேசரை இயக்குவது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் இந்த அறையில் எல்லோருமே ஒரு விதத்தில் பைத்தியங்கள், எனவே ஆட்சேபணை இல்லை!

ஆசி கிடைத்தது, அனுமதி கிடைக்கவில்லை. நுண்ணிய டைமர்கள் 2006-ல், இன்டரப்ட் த்ரெட்கள் 2009-ல் என்று இந்தத் திருத்தங்களின் தொகுப்பான பேட்ச் தவணை முறையில் உள்ளே போனது. கடைசியில் வழிமறித்தது பிரிண்ட்கே. கர்னல் செய்தி அச்சிடும் இந்த ஆதிகாலச் சமாசாரம், வாய் திறந்தால் முடிக்காமல் விடாது, லேசர் காத்திருக்கட்டும்! பேச்சைக் குறைக்கவும் வழியில்லை. கர்னல் செத்து விழும்போது சொல்லும் மரண வாக்குமூலம்தான் பிழை தேடுபவருக்கு ஒரே சாட்சி. டெவலப்பர் ஜான் ஓக்னெஸ் வருடக்கணக்கில் உட்கார்ந்து அதற்குப் பேச்சு நாகரிகம் கற்றுக்கொடுத்தார்.

2024 செப்டம்பரில் வியன்னாவில், தங்க நிறத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டி, இணைப்புக் கோரிக்கையை க்ளைக்ஸ்னர் லினஸ் கையிலேயே கொடுத்தார். நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் ரியல் டைம் வசதி முறைப்படி சேர்ந்தது. நேரந்தவறாமைக்கு வந்த பேட்ச், வந்து சேர இருபது வருடம்!

உங்கள் லேப்டாப் பறக்கும் என்று நம்பி இந்த ரியல் டைம் வசதியை இயக்கிவிடாதீர்கள். நேரம் தவறாமல் இருப்பதற்கு மொத்த வேகத்தில் கொஞ்சம் கப்பம் கட்ட வேண்டும். வீட்டில் வெல்டிங் லேசர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.