பக்கத்துலதான் சார்!

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் நிலத்தை அளக்க இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று சர்வேயர் இழுக்கிற சங்கிலி. இன்னொன்று சைட் புரோக்கரின் நாக்கு. சங்கிலி தப்பினால் கோர்ட்டுக்குப் போகலாம். நாக்குக்கு அப்பீலே கிடையாது.

புரோக்கர் அண்ணனைத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்டைப்பையில் இரண்டு போன், ஸ்கூட்டர் டிக்கியில் நான்காக மடித்த லேஅவுட் பிளான், அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வளர்த்த பூங்கா. கன்னடக்காரரிடம் 'ஹத்ரானே', தெலுங்குக்காரரிடம் 'தக்கரே', நம்மிடம் 'பக்கத்துலதான்'. கழுத்தில் ஐடி கார்டு தொங்கினால் 'வெரி நியர் சார்'. நாலு பாஷையிலும் கிலோமீட்டர் மட்டும் அவர் வாயில் வராது.

"எலக்ட்ரானிக் சிட்டி நியர் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1970களின் கடைசியில் சுமார் 330 ஏக்கரில் தொடங்கிய இடம் அது. அரசாங்கம் அதோடு திருப்தி அடைந்துவிட்டது. அதைத் தமிழ்நாட்டு எல்லை வரை இழுத்துக்கொண்டு வந்த பெருமை நம் அண்ணன்மார்களையே சேரும். "இன்ஃபோசிஸ் கேட்டுக்குப் பதினைஞ்சு நிமிஷம்" என்பதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலு மணிக்குச் சந்தாபுரா சர்க்கிளைத் தாண்டினால் ஏறக்குறைய அப்படித்தான். அந்த நேரத்தில் ஆபீசுக்குப் போகிறவன் யார் என்று கேட்பது நம்முடைய குதர்க்கம்.

2025 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் பாதை மெட்ரோவைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஆர்.வி. ரோட்டில் கிளம்பி, 19 கிலோமீட்டர் ஓடி, பொம்மசந்திராவில் நிற்கிறது. அண்ணனின் மெட்ரோ அங்கே நிற்பதில்லை. அத்திப்பள்ளி, சர்ஜாபுரா, ஆனேக்கல் டவுன் எல்லாமே இப்போது 'மெட்ரோ வாக்கபிள்'. நடக்கலாம் என்றுதான் சொல்கிறார். எந்த வேளைச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று சொல்லவில்லை.

"ஏர்போர்ட்டும் பக்கம்தான் சார்."

"தேவனஹள்ளியா? எழுபது கிலோமீட்டர் வருமேப்பா!"

அண்ணன் நம் அறியாமைக்கு இரங்கிச் சிரிப்பார். "அது யாரு சார் சொன்னா? ஓசூர் ஏர்போர்ட்!"

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தாரே, அது. இன்னும் கட்டவில்லையே என்று இழுத்தால், "கட்டிட்டா அப்புறம் இந்த ரேட்டுக்கு எவன் சார் குடுப்பான்?" என்பார். வாயடைத்துப்போகும். கட்டாத விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் வாங்க, கட்டிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாங்குவதைவிட அதிக தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்கும் சேர்த்துத்தான் சதுர அடிக்கு விலை.

இத்தனையையும் பக்கத்தில் கொண்டுவருகிறவர், நிஜமாகவே பக்கத்தில் இருப்பதை மட்டும் தொலைவுக்குத் தள்ளிவிடுவார். கேழ்வரகு அறுத்த கட்டைகளுக்கு நடுவே மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, வெயில் நம் கண்ணில் அடிக்கும்படி நம்மை நிறுத்துவார். தலைக்கு மேலே ஹைடென்ஷன் கம்பி 'கொய்ங்' என்று பாடிக்கொண்டிருக்கும்.

"அது அந்தப் பக்கம் போற லைன் மேடம். நமக்குச் சம்பந்தமில்ல."

"மழைத்தண்ணி போற ராஜகாலுவே போகுதுங்கறாங்களே?"

"பழைய மேப்புல போவுது மேடம். இப்ப தண்ணியே இல்ல."

"பன்னேர்கட்டா காட்டுலேர்ந்து யானை வருமாமே?"

"நேச்சர் மேடம்! ஒயிட்ஃபீல்டுல காசு குடுத்தாலும் வராது."

சொத்துப் பதிவுக்கான ஈ-காத்தா வந்துவிட்டதா என்று கேட்டால், "வந்த மாதிரிதான். ரொம்ப க்ளோஸ்ல இருக்கு." அது எங்கிருந்து கிளம்பியது, இப்போது எந்த மேஜையில் இளைப்பாறுகிறது என்பது தெய்வ ரகசியம். கவலை வேண்டாம், ஆபீசில் பெரியவர் அண்ணனுக்கு 'ரொம்ப க்ளோஸ்'. எப்படி என்று துருவினால், பெரியவரின் டிரைவரும் அண்ணனும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள்.

அண்ணனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வேலூரிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து, பொம்மனஹள்ளியில் வருஷத்துக்கு வருஷம் ஏறும் வாடகையைக் கட்டிக்கொண்டிருப்பவர் முப்பதுக்கு நாப்பது சைட் பார்க்க வரும்போது, காதைத் தீட்டிக்கொண்டுதான் வருகிறார். 'தூரம்' என்று உண்மை சொன்ன புரோக்கரிடம் யாரும் இரண்டாம் தடவை போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

சில மனைவிமார்தான் கெட்டிக்காரிகள். ஓர் அம்மா கேட்டார்: "இவ்வளவு பக்கம்னு சொல்றீங்களே, நீங்க இங்க ஒண்ணு வாங்கிப் போடலையா?"

"நமக்கு மடிவாளாவுல வீடு மேடம். பசங்க ஸ்கூலும் அங்கதான். இங்கேர்ந்து டெய்லி யாரு போயி வர்றது, தூரமில்ல?"

கணவர் அது காதில் விழாதவர் போல விலைக்கு வந்தார்.

"ஓனர் அம்பத்தஞ்சு லட்சத்துல நிக்கறாரு. நீங்க சொல்லுங்க சார்."

"நாப்பது."

அண்ணன் முகம் மலர்ந்து, போனை எடுத்துக்கொண்டார். "அப்புறமென்ன சார், ரெண்டு பேரும் பக்கத்துல வந்துட்டீங்க! டோக்கன் போட்டுடலாமா?"